எறும்பு சொன்ன வருத்தம்

எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, அடுத்தவர் வீட்டு வருத்தங்களைக் கேட்டு எழுதுவதற்குச் சம்பளம் தந்தார்கள். எங்கள் பக்கத்தில் நோயை வருத்தம் என்றுதான் சொல்வோம். அதைச் சும்மாவே விசாரிக்கிற சனங்கள் நாங்கள். விசாரிக்கக் காசும் தந்து, எழுதப் பேனையும் தந்து, பஸ்ஸுக்குத் தனியாகவும் தருவதாகச் சொன்னால் யார் விடுவார்கள்? எழுபதுகளின் நடுப்பகுதி. பாணுக்கு வரிசை, சீனிக்குக் கூப்பன், வேலைக்கு யாரோ பெரியவரின் கடிதம். உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு மூன்று வருடமாக வீட்டிலிருந்து அம்மாவோடு வாய்த்தர்க்கம் பண்ணுவதையே தொழிலாக வைத்திருந்த எனக்கு, ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்ததும் தலைகால் தெரியவில்லை.

கொழும்பில் ஏதோ ஓர் ஆராய்ச்சிப் பிரிவு. அவர்களுக்கு ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசமாக இருக்கிற நாட்டில், வருத்தம் வந்தால் சனங்கள் எங்கே போகிறார்கள், என்ன செலவழிக்கிறார்கள், அந்தக் காசை எங்கே எடுக்கிறார்கள்? நல்ல சந்தேகம்தான். அதை அறிய வாக்காளர் பெயர் இடாப்பைப் பார்த்து இத்தனையாம் வீடு, இத்தனையாம் வீடு என்று தெரிந்தெடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் பதினெட்டுப் பக்கப் படிவம் ஒன்றைக் கொண்டுபோய் நிரப்ப வேண்டும். திருகோணமலைப் பக்கத்துக்கு இரண்டு பெண்களை எடுத்தார்கள். மற்றவள் முதல் மாதமே கல்யாணம் கட்டி மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். மிஞ்சினது நான்.

எங்களுக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர். யாழ்ப்பாணத்துக்காரர், குடிசன மதிப்பீட்டில் வேலை செய்து, பென்ஷனோடு இளைப்பாறியவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பொக்கற்றில் சிவப்புப் பேனை. சிரிப்பதென்றால் முதலில் அக்கம்பக்கம் பார்ப்பார். அவரிடம் மூன்று சட்டங்கள் இருந்தன. தெரிந்தெடுத்த வீட்டை மாற்றக் கூடாது. பதிலை நாங்களாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்.

“நீர் நினைக்கிறதை எழுதிறதெண்டால் நான் உம்மை ஏன் பஸ்ஸில அனுப்புவன்? வீட்டிலயே இருந்து எழுதலாமே” என்பார்.

படிவத்தின் முதல் வரியே எனக்குச் சோதனை. ‘நேர்காணல் ஆரம்பித்த நேரம்.’ என்னிடம் மணிக்கூடு இல்லை. போகிற வீட்டில் றேடியோ இருந்தால் என்ன நிகழ்ச்சி போகிறதென்று கேட்டு எழுதுவேன், இல்லாவிட்டால் வெயிலைப் பார்த்து எழுதுவேன். தையல் காசில் ஒரு கைமணிக்கூடு வாங்கித் தருகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஒவ்வொரு மாதமும் கேட்பேன். “வாற மாசம்” என்பாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவேன். இருபத்திரண்டு வயதில் முகத்தைத் தூக்கி வைப்பதில் நான் நல்ல கெட்டிக்காரி.

நாங்கள் பாலையூற்றில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவர் போகிற நேரமும் வருகிற நேரமும் கப்பலுக்குத்தான் தெரியும். முன்னறை ஜன்னலடியில் அம்மாவின் கால்மெஷின். அந்தச் சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடச் சட்டைகளில் பாதி அந்த மெஷினில் பிறந்தவை. இரண்டு காலையும் மிதியில் வைத்து அவள் மிதிக்கிற சத்தத்தில்தான் நான் எழுத்துக் கூட்டப் பழகினேன். அந்த வருடம் அந்தச் சத்தம் கொஞ்சம் மாறியிருந்தது. விட்டுவிட்டுக் கேட்டது. வீட்டுக்குள்ளேயும் விரல் மூடிய செருப்புப் போட்டுக்கொண்டு திரிந்தாள், சீமெந்து குளிருதாம். இதெல்லாம் நான் இன்றைக்குச் சொல்வது. அன்றைக்கு நான் கவனித்தது ஒன்றே ஒன்றைத்தான். குளிக்கிற இடத்தில் மண்ணெண்ணெய் நாற்றம்.

“அம்மா, தலையில தண்ணி ஊத்தினா மண்ணெண்ணெய் மணக்குது. என்னத்துக்கு இப்பிடி ஊத்திறீங்கள்?”

“எறும்பு.”

“வீட்டில சீனியே இல்லை. கூப்பன் கடையில கியூவில நிண்டும் வெறுங்கையோட வாறம். உங்கட எறும்பு எங்களைப் பாத்துச் சிரிக்கவோ வருது?”

“மழை வரப்போகுது, அதுதான்” என்றாள் அம்மா. மழை வரவில்லை. எறும்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் சண்டை பிடித்துவிட்டு, படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் வருத்தத்தைக் கேட்கப் போய்விட்டேன்.

படிவத்தின் தமிழ் கொழும்பில் யாரோ கண்ணாடி போட்ட ஒருவர் எழுதியது. ‘கடந்த பதினான்கு தினங்களில் தங்கள் இல்லத்தில் எவரேனும் சுகவீனமுற்றிருந்தனரா?’ இதைக் கேட்டே சிலருக்குத் தலையிடி வந்திருக்கும். இலங்கைத்துறைக்குப் போன கதையைச் சொல்கிறேன். மூதூருக்கு லோஞ்ச் படகு, அங்கிருந்து பஸ், பிறகு மணலில் நடை. வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் நான் இந்தக் கேள்வியை வாசித்தேன்.

“ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை. எல்லாரும் சுகம்” என்றா.

அவவுக்குப் பின்னால் அவவின் புருசன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பாயில் கிடந்து நடுங்குகிறார்.

“அவர்?”

“அவருக்குக் காய்ச்சல்.”

“காய்ச்சல் வருத்தம் இல்லையோ?”

“கஞ்சி குடிக்கிறார்தானே” என்றா. குரலில் ஒரு பரிதாபம். படித்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பரிதாபம் அது.

கஞ்சி இறங்கும் வரைக்கும் வருத்தம் இல்லை. அந்தக் கரை முழுக்க அதுதான் கணக்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படியானால் ‘சுகவீனமுற்றிருந்தனரா’ என்று கேட்டுக் கேட்டு, பதினெட்டுப் பக்கத்திலும் ‘இல்லை’ என்று போட்டு, முழுக் கடற்கரையும் திடகாத்திரம் என்று கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான். எரிச்சலோடு எழும்பியபோது வேலிக்கம்பில் கவிழ்த்து மாட்டியிருந்த போத்தலைக் கண்டேன். கழுவிக் காயவைத்த அரைப்போத்தல்.

“இது என்னத்துக்கு அக்கா?”

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக.”

அந்த நாளில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், போத்தல் இலவசமில்லை. கலவை மருந்துக்குப் போத்தலை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாவிட்டால் வாசலில் போத்தல் விற்கிறவர்களிடம் வாங்க வேண்டும். சாராயப் போத்தல், சோடாப் போத்தல், வாசனை முழுக்கப் போகாத தேங்காயெண்ணெய்ப் போத்தல், எல்லாம் அங்கே மறுபிறவி எடுக்கும். தனியார் டிஸ்பென்சரியில் என்றால் போத்தலும் அவர்களே தருவார்கள், அதன் பக்கத்தில் ஒரு நீளக் காகிதத்தை வேளைக்கு ஒரு வெட்டாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஆகவே போத்தலைப் பார்த்தால் போதும். காகிதம் இல்லாவிட்டால் அரசாங்கம், காகிதம் இருந்தால் தனியார், அடியில் கறுப்பாகக் கசடு இருந்தால் நாட்டு வைத்தியரின் கஷாயம்.

அன்றிலிருந்து நான் ‘சுகவீனமுற்றிருந்தனரா’ என்று வாசித்துவிட்டு, அவர்கள் ‘இல்லை’ என்று சொன்ன கையோடு, “சரி, வீட்டில மருந்துப் போத்தல் இருந்தால் ஒருக்காக் காட்டுங்கோ” என்பேன். வாய் மறைத்ததைப் போத்தல் சொல்லிவிடும். ஒரு போத்தலோடு காய்ச்சல் வரும், அதோடு இருமல் வரும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன வண்டிக்கூலி வரும், கடைசியில் ஊர் மருந்துச்சாலையில் டொக்டருக்குப் பதிலாக இருக்கிற அப்போத்திக்கரி ஐயாவுக்குக் கொடுத்த பாரை மீனும் வரும். மேற்பார்வையாளர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தார். போத்தலைக் கேட்பதை எல்லா வீட்டிலும் கட்டாயம் செய்ய வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் என்னைப் போத்தல்காரி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. திருகோணமலைச் சுற்றுவட்டாரத்தில் என் கண்ணுக்குத் தப்புகிற வருத்தம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு குறிஞ்சாக்கேணி. கிண்ணியாத் துறையடியில் பாதை ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். பஸ்ஸையும் மாட்டையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகிற மிதவைக்குப் பாதை என்று பெயர். அங்கே விறகு வியாபாரம் செய்கிற ஒரு முஸ்லிம் நானாவின் வீடு பட்டியலில் விழுந்திருந்தது. ஐம்பது வயதிருக்கும், நல்ல பகிடிக்காரர். அவர் திண்ணமாக ‘ஓம், வருத்தம் இருக்கு’ என்று சொன்னதே எனக்குப் பெரிய ஆறுதல்.

“என்ன வருத்தம் நானா?”

“சீனி வருத்தம் மகள். கூப்பன் கடையில அரை றாத்தல் சீனிக்கு விடியத் தொடக்கம் நிண்டாலும் இல்லை எண்டுறான். என்ட உடம்புக்குள்ள மட்டும் ஆர் கொண்டந்து கொட்டினதோ தெரியா.”

கதவுக்குப் பின்னால் அவருடைய மனைவி சிரிப்பது கேட்டது. நான் அடுத்த கேள்விக்குப் போனேன். ‘நோய் இன்னதென முதலில் கண்டறிந்தவர் யார்?’ கீழே நாலு இலக்கம். ஒன்று வைத்தியர், இரண்டு அப்போத்திக்கரி, மூன்று சுதேச வைத்தியர், நாலு வேறு, விபரிக்கவும்.

“எறும்பு” என்றார் நானா.

நான் பேனையை நிறுத்தினேன்.

“பகிடி இல்ல மகள். வளவுக்குப் பின்னால நான் ஒண்டுக்குப் போற இடத்தில எறும்பு வரிசை கட்டி நிண்டிச்சு, கூப்பன் கடைக் கியூ மாதிரி. இவ கண்டுட்டா. ‘மத்தவங்க போற இடத்துல இல்லாத எறும்பு உங்கட இடத்துல மட்டும் என்னத்துக்கு?’ எண்டு கேட்டா. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. டொக்டர் அதைக் குழாயில ஊத்தி, நீலத் தண்ணி விட்டுச் சூடாக்கினார். செங்கல் மாதிரிச் சிவத்துப் போச்சு. எறும்பு சொன்னதைத்தான் டொக்டரும் சொன்னார். ஆனா டொக்டரிட்டப் போகப் பாதையும் பஸ்ஸும் ஏற வேணும். எறும்பு வீட்டுக்கே வந்து சொல்லிச்சு, காசும் கேக்கல்ல.”

சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். நாலாம் இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டு, ‘வேறு: எறும்பு’ என்று எழுதினேன். திரும்பி வரும்போது பாதையில் நின்று தனியாகச் சிரித்தேன். என் மூளையைப் பாருங்கள். எறும்பைக் கேட்டுச் சிரித்தேன், எழுதினேன், அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் மணக்கிறது என்று அம்மாவோடு மறுபடியும் சண்டை பிடித்தேன். இரண்டும் ஒரே தலைக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை.

அந்தப் படிவம் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. “இது என்ன பிள்ளை, எறும்பு?”

“நீங்கள்தானே சேர், சொன்னதை எழுதச் சொன்னனீங்கள்.”

அவர் படிவத்தை அப்படியே கொழும்புக்கு அனுப்பினார். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எறும்பு என்பது அப்பகுதிச் சுதேச வைத்தியர் ஒருவரின் பட்டப்பெயரா, அப்படியானால் மூன்றாம் இலக்கத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். அன்றைக்கு அவர் அக்கம்பக்கம் பார்க்காமலே சிரித்தார்.

ஐந்தாம் மாதம் பாலையூற்று வீடுகளின் பட்டியலைத் தந்தார். நான் மேலோட்டமாக வாசித்துக்கொண்டு போனேன். கடைசிக்கு முதல் வரியில் அப்பாவின் பெயர்.

“சேர், இது எங்கட வீடு.”

“ஓம், தெரியும்.”

“பக்கத்து வீட்டை மாத்துவமோ?”

“மாத்த ஏலாது. முதலாம் சட்டம்.”

“எங்கட வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாததோ? நான் இருந்து நிரப்பித் தாறன். ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை.”

“அதை நீர் சொல்லக் கூடாது. வீட்டில இருக்கிறவ சொல்ல வேணும். நீர் கேளும், நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்” என்றார் அவர்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலையில் என் சொந்த வீட்டுக்கு நான் விருந்தாளியாகப் போனேன். மேற்பார்வையாளருக்கு நல்ல கதிரை. எனக்கு முக்காலி. அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுக்கிற சேலையை உடுத்து, செருப்போடு வந்து மெஷினடியில் உட்கார்ந்தாள். வந்தவர் அரசாங்கம் என்பது அவளுடைய எண்ணம். அரசாங்கத்துக்கு முன்னால் மகளை நீ என்று சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு குழப்பம் வந்திருக்க வேண்டும். கடைசியில் நீங்கள் என்று முடிவெடுத்துவிட்டாள்.

“வீட்டுத் தலைவரின் பெயர்?” என்று கேட்டேன்.

“உங்கட அப்பாவின்ட பெயர்தான் மிஸ்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீரில் சீனி இல்லை, பக்கத்துப் பிரிச்சுத் தட்டில் ஒரு துண்டுப் பனங்கட்டி.

“உங்கள் வயது?”

அம்மா தன் வயதில் ஐந்தைக் கழித்துச் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் என்னை நேராகப் பார்த்தாள். சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். அந்தக் கணக்கின்படி அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நான் பிறந்துவிட்டேன்.

“கடந்த பதினான்கு தினங்களில் தங்கள் இல்லத்தில் எவரேனும் சுகவீனமுற்றிருந்தனரா?”

“இல்லை மிஸ். எல்லாரும் சுகம்.”

நான் ‘இல்லை’ என்று எழுதி அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனேன். மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார்.

“போத்தல்” என்றார்.

“எங்கட வீட்டில போத்தல் இல்லை சேர்.”

“எல்லா வீட்டிலயும் கேக்கிறமாதிரிக் கேளும்.”

எனக்குக் கோபம். அந்தக் கோபத்தோடு அம்மாவைக் கேட்கக்கூட இல்லை, நேரே எழும்பிக் குசினிக்குப் போனேன். இல்லை என்று காட்டிவிட்டு வந்து உட்காரலாம் என்றுதான் அலுமாரியைத் திறந்தேன். கோதுமை மா போட்டுவைக்கிற தகரப் பேணிக்குப் பின்னால் மூன்று போத்தல்கள். பக்கத்தில் வெட்டி ஒட்டிய காகிதம். டிஸ்பென்சரிப் போத்தல்கள். இரண்டு வெறுமை, ஒன்றில் பாதிக்குச் சிவப்பு மருந்து. எத்தனையோ வீட்டு வேலிக்கம்பிலும் ஜன்னலிலும் போத்தலைக் கண்டுபிடித்தவள், தன் வீட்டு மாப் பேணிக்குப் பின்னால் பார்க்கவில்லை. மூன்று போத்தலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். அவை ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் முன்னறைக்கு எனக்கு முதலே போய்விட்டது.

அம்மா போத்தலைப் பார்த்தாள். பிறகு மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அரசாங்கத்துக்குப் பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டதுதான் அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

“ஆருக்கு வருத்தம்?” என்று கேட்டேன்.

“எனக்குத்தான்.”

“என்ன வருத்தம்?”

அவள் சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிச் செருப்பைக் கழற்றினாள். வலதுகால் பெருவிரலைச் சுற்றிச் சட்டைத் துணியில் ஒரு கட்டு. சுத்தமான கட்டு, ஓரமெல்லாம் மடித்துத் தைத்திருந்தாள். அதற்கு மேலே பாதம் வீங்கிக் கன்றியிருந்தது.

“எவ்வளவு காலம்?”

“நீங்கள் இந்த வேலைக்குச் சேந்த மாசம் தையல் ஊசி குத்தினது. காயும் காயும் எண்டு பாத்தன், காயேல்லை.”

“ஏன் பெரியாஸ்பத்திரிக்குப் போகேல்லை?”

அதற்கு அம்மா பதில் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரியும். என் பெரியம்மா, அம்மாவின் மூத்த சகோதரி, கால்விரலில் ஒரு புண்ணோடு ஆஸ்பத்திரிக்குள் போய், முழங்காலுக்கு மேலே வரைக்கும் இல்லாமல் திரும்பி வந்தவர். ஆஸ்பத்திரி காலை எடுத்துவிட்டது என்றுதான் வீட்டில் கதை. என்ன வருத்தத்துக்கு எடுத்தார்கள் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. அதன்பிறகு ஆஸ்பத்திரி மதிலைக் கடக்கும்போதெல்லாம் அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வாள். டிஸ்பென்சரி டொக்டர் ஒவ்வொரு முறையும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சோதிக்கச் சொன்னாராம். இவள் தலையாட்டிவிட்டு மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மணிக்கூடு ஏன் மாதாமாதம் தள்ளிப்போனது என்பதும் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அழுகை வந்தது. அழுதால் மேற்பார்வையாளர் படிவத்தை வாங்கிவிடுவார் என்று நினைத்து அடக்கினேன்.

‘நோய் இன்னதென முதலில் கண்டறிந்தவர் யார்?’ அடுத்த கேள்வி அதுதான். நான் அதை வாசித்தேன். வாசித்த வாய் மூடவில்லை. குறிஞ்சாக்கேணி வளவும் எங்கள் குளிக்கிற இடமும் ஒரேயடியாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

“அம்மா, அந்த எறும்பு... நீங்கள் போற இடத்துக்குத்தான் வருதோ?”

பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது, இரண்டாம் சட்டம். மேற்பார்வையாளர் சிவப்புப் பேனையை எடுத்தார். பிறகு திரும்பப் பொக்கற்றில் வைத்துவிட்டார்.

அம்மா வெட்கத்தில் குனிந்துவிட்டாள். “உனக்கு ஆர் சொன்னது?” என்றாள். ‘நீங்கள்’ போய் ‘நீ’ வந்துவிட்டது. “எவ்வளவு மண்ணெண்ணெய் ஊத்தியும் போகுதில்லை.”

“அது சீனி வருத்தம் அம்மா.”

“விசர்க் கதை கதையாத. மூண்டு கிழமையா வீட்டில ஒரு கரண்டி சீனி இல்லை. எனக்கெப்பிடிச் சீனி வருத்தம் வரும்?”

அதைத் திருகோணமலையில் பாதிப்பேர் அப்போது நம்பிக்கொண்டிருந்தார்கள். சீனி இல்லாத நாட்டில் சீனி வருத்தம் எப்படி வரும் என்று. மேற்பார்வையாளர் எழும்பினார். ஐந்து மாதத்தில் அவர் படிவத்துக்கு வெளியே பேசியது அன்றைக்குத்தான்.

“தங்கச்சி, நான் டொக்டர் இல்லை. ஆனால் இண்டைக்கே போங்கோ. படிவம் ஓடாது, காலை மட்டும் பாருங்கோ” என்றார். தன் செலவில் ஒரு காரையும் பிடித்துவிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் மிஸ் கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரை விட்டு, அம்மாவின் சிறுநீரையும் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் பிடித்தா. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல்லாகச் சிவத்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயத்தோடு ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை. டொக்டர் பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு கிழமை பிந்தியிருந்தால் பாதத்தோடு போயிருக்கும், இப்போது விரலோடு விடலாம் என்றார். அம்மா அவரோடு சந்தையில் மீன் பேசுகிற மாதிரிப் பேசத் தொடங்கினாள். விரலில் பாதியை விட ஏலாதா, நகத்தையாவது விட ஏலாதா என்று. கடைசியில் சம்மதித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“போகட்டும். மெஷின் மிதிக்க மற்ற ஒன்பதும் காணும்.”

ஆஸ்பத்திரி வாட்டில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த நாட்களில் ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “ஊரெல்லாம் கேட்டுத் திரிஞ்சன். வீட்டில கேக்காமல் விட்டிட்டன் அம்மா. கேட்டிருந்தால் அப்பவே சொல்லியிருப்பீங்கள் என்ன?”

“சொல்லியிருக்க மாட்டன்” என்றாள் உடனே. ஆறுதலுக்குக்கூட ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. “நீ கேட்டால் உனக்கேன் கவலை எண்டு மறைச்சிருப்பன். கவுண்மேந்து கேட்டபடியால்தான் சொன்னனான்.”

நான் அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தா.

அந்தப் படிவத்தை முடிக்க மேற்பார்வையாளர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். நோயைக் கண்டறிந்தவர் யார் என்ற இடம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. வைத்தியர் என்று போடலாம் என்றார். என் பெயரைப் போட்டாலும் தப்பில்லை என்று நான் மெல்லச் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “மாசக்கணக்காச் சொல்லிக்கொண்டிருந்தது எறும்பு. இவள் அதுக்கு மண்ணெண்ணெய் மணக்குதெண்டு சண்டை பிடிச்சவள்” என்றாள். நாலாம் இலக்கத்தில் மறுபடியும் எறும்பு போயிற்று. அந்தமுறை கொழும்பிலிருந்து கடிதம் வரவில்லை.

வேலை ஆறு மாதத்தோடு முடிந்தது. மிச்சப் படிவங்கள் ஒரு கட்டு என்னிடமே தங்கிவிட்டன. அம்மா ஒன்பது விரலோடு வீட்டுக்கு வந்து, காலையில் ஊசி போட்டுக்கொண்டு, மத்தியானம் கணக்காகச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு மாதத்தில் மெஷினில் ஏறிவிட்டாள். இரண்டு காலும் மிதிக்கிற சத்தம் திரும்பி வந்த நாளில் நான் குசினியில் நின்று, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை, பூசை முடிந்து வந்ததும், நான் அந்த முக்காலியைப் போட்டு மெஷினடியில் உட்காருவேன். ஒரு படிவம், ஒரு பேனை. எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த நாட்களிலும் இதை விடவில்லை. அம்மா மிதிப்பதை நிறுத்தி, சேலையைச் சரிசெய்துகொண்டு, நேராக இருப்பாள்.

“கடந்த பதினான்கு தினங்களில் தங்கள் இல்லத்தில் எவரேனும் சுகவீனமுற்றிருந்தனரா?”

“இல்லை மிஸ். எல்லாரும் சுகம்.”

சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். ஆனால் நான் உடனே எழுதுவதில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு எழும்பி, முதலில் மாப் பேணிக்குப் பின்னால் பார்ப்பேன், அவளுடைய செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு பாதத்தையும் பார்ப்பேன், பிறகு குளிக்கிற இடத்துக்குப் போய்க் குந்தியிருந்து சீமெந்துத் தரையை மூலை மூலையாகப் பார்ப்பேன். ஓர் எறும்பும் இல்லாவிட்டால்தான் திரும்பி வந்து எழுதுவேன்.